தரங்கம்பாடி அருட்பணியாளரும் தமிழகத்து உயிரினப் பெயர்களும்

ஐரோப்பிய அருட்பணியாளர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சு, உரைநடை, அகராதி, ஒப்பிலக்கணம் ஆகிய நான்கினையே எடுத்துக்கொள்வர். அந்நான்கும் பெருமைக்குரியனவே. ஆயினும் அவர்தம் பணியில் ஐந்தாவதாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஊர்தோறும் சென்று சமயம் போதித்த காலத்தில், அவ்வூர்களிற் கண்ட மீனும் பாம்பும் செடியும் பூச்சியும் திரட்டி, அவற்றுள் பலவற்றின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டெழுதி, ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிய பணியே அது. உயிரியலார் இதனை நன்கு அறிவர். தமிழாய்வாளரோ இதனைத் தமக்குரிய பொருளாக அத்துணை கருதிற்றிலர். அவ்வாறு கருதவேண்டும் என்பதும், அப்பதிவுகள் தமிழ்ச் சொல்வரலாற்றுக்குப் புறச்சான்றாய்ப் பயன்படும் என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

அருட்பணியாளர், எட்டாத சிற்றூர், காட்டு விலங்கு என்னும் மூன்றும் சேர்ந்தவழி நம் நினைவுக்கு வருவது ஆப்பிரிக்காவே. டேவிட் லிவிங்ஸ்டன் 1844-இல் தென்னாப்பிரிக்காவின் மபோட்சா என்னும் இடத்தில் சிங்கத்தாற் கடியுண்டு தோளெலும்பு முறிந்ததைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். யொகான்னசு ரெப்மான் என்னும் செருமானிய அருட்பணியாளர் 1848-இல் கிளிமஞ்சாரோ மலைமுடியிற் பனி கண்டதாக எழுதியபோது, நிலநடுக்கோட்டின் அருகே பனி ஏது என்று இலண்டனில் சிலர் நகையாடினர். இவர்களுக்கெல்லாம் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னரே காவிரியின் கடைமடையில் இத்தகைய பணி தொடங்கிவிட்டது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. ஆப்பிரிக்கா சென்றோர் கேட்டெழுதிய மொழிகளுட் பல, சுவாகிலி போன்ற சிலவற்றை விலக்கி நோக்கின், அதுகாறும் எழுத்து வடிவம் பெறாதவை. தமிழகத்துக்கு வந்தோர் கேட்டெழுதிய சொற்களோ ஈராயிரம் ஆண்டு எழுத்துச் சான்றுடையவை. ஆதலின் ஒரு மீனவர் வாய்ச்சொல்லைச் செருமானியர் ஒருவர் எழுதிவைத்தாராயின், அதனைச் சங்கப் பாட்டோடும் நிகண்டோடும் வைத்து நாம் சோதித்தல் கூடும்.

சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ஆம் ஆண்டு. 1710 முதல் செருமனியின் ஆலே நகரிலிருந்து அவர்தம் திருச்சபையின் அறிக்கைகள் அச்சேறலாயின. சீகன்பால்கு இயற்கையாய்வாளர் அல்லர்; அவர் நாட்டமெல்லாம் சமயத்திலும் சுவடிகளிலும் சென்றது. உயிரினங்களை முறையாக ஆராயும் வழக்கம் 1768-இல் மருத்துவராக வந்த யொகான் கெரார்டு கோனிக்கு என்பாரால் வேரூன்றியது. அவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் லின்னேயசிடம் நேரே பயின்றவர். 1774-இல் திருச்சபையின் பணியை விட்டு ஆர்க்காட்டு நவாபின் இயற்கையாய்வாளராகவும், பின்னர்க் கும்பெனியின் ஊழியராகவும் அமர்ந்து, 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகில் உயிர் நீத்தார். அவர் திருச்சபையில் இருந்தது சில ஆண்டுகளே எனினும், அவர் கற்பித்த கண் அங்கே தங்கிவிட்டது. நம் அடுக்களைக் கறிவேப்பிலையின் அறிவியற் பெயராகிய முறையா கோனிகி என்பது இவர் பெயரையே தாங்கியது. லின்னேயசு 1771-இல் அதற்கு இட்ட பெயர் பெர்கேரா கோனிகி. இச்செய்தி பின்னர் வேண்டப்படுமாதலின் ஈண்டுக் குறித்தோம்.

கோனிக்கு எழுதியவற்றுள் தமிழாய்வாளர் கட்டாயம் நோக்கவேண்டுவது, 1779-இல் பெர்லின் இயற்கையாய்வாளர் கழக வெளியீட்டில் வந்த கறையான் பற்றிய கட்டுரை. அதன் செய்தியை இன்று பலரும் அறிவது, என்றி சுமீத்மன் என்பார் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி 1781-இல் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய பேருரையின் வழியாகவே. சுமீத்மன் சியரா லியோனில் நான்காண்டு தங்கியவர். அந்நாட்டார் ஈசலை வறுத்துண்பதைக் கண்டு தாமும் உண்டு சுவைத்தவர். தம் செய்திக்கு ஒப்பாகவே கோனிக்கு கூறியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். கோனிக்கு கண்ட முறை இது: ஈசல் புறப்படும் முன்னர்ப் புற்றில் இரண்டு துளை செய்வர். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமுடைய பொருளை இட்டுப் புகைப்பர். காற்றுச் செல்லும் பக்கத்துத் துளையில், உள்ளே மணமுள்ள இலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சிய ஈசல் பானையிற் புகும். அவ்வாறு திரட்டியதை மாவோடு கலந்து பண்டமாக்கி ஏழை மக்களுக்குக் குறைந்த விலைக்கு விற்பர். பானையில் தேய்த்த இலைக்குச் சுமீத்மன் தரும் பெயர் பெர்கேரா. அஃதாவது, கோனிக்கின் பெயரைத் தாங்கிய அதே கறிவேப்பிலை.

இனி, இதனைச் சங்க இலக்கியத்தோடு வைத்து நோக்குவோம். ஈசல் என்பதன் பழைய வடிவம் ஈயல். பாரியின் நாட்டு வளத்தைப் பாரி இறந்தபின் நினைந்து கபிலர் பாடிய பாட்டில் (புறம். 119) செம்புற்றின் ஈயல் மோரோடு கூட்டிப் புளிங்கறியாக வருகிறது. அகநானூற்று முல்லைப் பாட்டொன்று (394) வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈயலும் பெய்து அட்ட புளிச்சோற்றைக் கூறும். நற்றிணையில் (59) உடும்பும் தவளையும் முயலும் கொள்ளும் வேட்டுவன், உயர்ந்த புற்றை அகழ்ந்து ஈயலும் கொள்கிறான். மூன்று பாட்டும் உணவைக் கூறுகின்றன. மூன்றாவது, புற்றை அகழ்ந்தமையையும் கூறுகிறது. ஆனால் பிடிக்கும் முறையை விரித்துரைப்பது பாட்டின் வேலையன்று. உரையாசிரியரும் அதனை விரித்திலர். அவ்விடைவெளியை நிரப்பும் சான்று ஒரு செருமானியப் பூச்சியியற் கட்டுரையிற் கிடப்பது வியப்பே. சங்ககாலத்து வேட்டுவன் இவ்வாறே புகையிட்டுப் பிடித்தான் என்று நாம் சாதிக்கவில்லை. பதினேழு பதினெட்டு நூற்றாண்டு இடையீடு சிறிதன்று. முல்லை நிலத்து உணவாகப் பாடப்பட்ட ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழையர் கடைப்பண்டமாக நின்றதென்னும் அளவு உறுதி. திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர் புற்றீசல் பிடிக்கும் கலையை இன்றளவும் உடையர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். இருளர் வாய்மொழியும் கோனிக்கின் எழுத்தும் பாட்டுரையும் ஒருங்கு வைத்து ஆராயப்படுமாயின், ஈயல் என்னும் ஒரு சொல்லுக்கே தனிக்கட்டுரை வேண்டப்படும்.

மீன்களின் செய்தி இதனினும் விரிவுடையது. 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813-இல் இறக்கும்வரை அங்கே உழைத்த கிறித்தோபர் சாமுவேல் ஜான், பகலிற் பள்ளியும் போதனையும் நடத்தி, எஞ்சிய பொழுதில் மீனும் சங்கும் பாம்பும் திரட்டினார். தமிழ்ப்பள்ளி பதினைந்தும் ஆங்கிலப் பள்ளி ஐந்தும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்திய வரலாற்றை அவர் எழுதிய சிறு நூல் 1813-இல் இலண்டனில் வெளிவந்தது. சமயப் பணியின் வரலாற்றாசிரியர் சிலர், நற்செய்தி கூறவேண்டிய நேரத்தை இவர் கிளிஞ்சல் பொறுக்குவதிற் கழித்தார் என்று குறைகூறியதுண்டு. அவர்க்கு அது குறையாக இருக்கலாம். நமக்கு அதுவே கருவூலம்.

ஜான் சாராயத்தில் இட்டு அனுப்பிய மீன்கள் பெர்லின் மருத்துவர் மார்க்கசு எலியேசர் பிளாக்கு என்பாரைச் சேர்ந்தன. இந்தியாவைக் கண்ணாற் காணாத பிளாக்கு, 1785 முதல் 1795 வரை வெளியிட்ட அயல்நாட்டு மீன்கள் பற்றிய பெருநூலில், அவற்றை வண்ணப்படத்தோடு விளக்கினார். நம் விரால், குரவை, தேளி, கெளுத்தி ஆகிய நன்னீர் மீன்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் சிற்றினப் பெயர்கள் 1793, 1794 ஆகிய ஆண்டுகளில் அந்நூலில் இடப்பட்டவையே. தேளிக்கு அவர் இட்ட பெயர் பொசிலிசு; இலத்தீனில் அகழ்ந்தெடுக்கப்படுவது என்பது பொருள். சேற்றில் வாழும் இயல்பை நோக்கிற்று இலத்தீன். தேள்போற் கொட்டும் முள்ளை நோக்கிற்று தமிழ். சேற்றில் வெறுங்கையால் மீன் தடவுவார்க்கு முதலில் தெரியவேண்டுவது எது என்பதைத் தமிழ்ப் பெயர் அறிந்திருக்கிறது.

சில இடங்களில் தமிழ்ச் சொல்லே இலத்தீனுக்குள் புகுந்தது. கத்தாளை இனத்து மீன்களுக்குப் பிளாக்கு ஜானின் பெயரால் ஜானியசு என்று பேரினம் வகுத்து, அதன்கண் ஒரு மீனை 1793-இல் கருட்டா என்று குறித்தார். கறுத்த கத்தாளை என்று மீனவர் கூறியதன் முற்பாதி அது. இலக்கணம் வல்லார் இதனை நோக்கின் நகைப்பர்: கறுத்த என்பது பெயரெச்சம், கொண்டு முடியும் பெயராகிய கத்தாளை கடலிலேயே நின்றுவிட, எச்சம் மட்டும் பெர்லினுக்குச் சென்று பெயராயிற்று. அம்மீனின் செல்லுபடியாகும் அறிவியற் பெயர் இன்றும் இதுவே.

1801-இல் பாரிசு நகரில் லாசெப்பேது என்பார் பிளாக்கின் நூலிற் கண்ட தமிழ்ப் பெயர்களை எடுத்து, விராலுக்கு விரால் என்றே பொருள்படும் பெயரும், குரவைக்குக் கருவை என ஒலிக்கும் பெயரும் அமைத்தார். பிளாக்கின் பெயர்கள் முற்பட்டவை ஆதலின் இவ்விரண்டும் நிலைபெறவில்லை. உயிரியலார் இவற்றை வழக்கொழிந்த பெயர்களாக ஒதுக்கினர். சொல்லாய்வார்க்கோ ஒதுக்கத்தக்கன அல்ல. சங்க இலக்கியத்து வடிவம் வரால். இன்றைய பேச்சு வடிவம் விரால். லாசெப்பேது எழுதிய உரோமன் எழுத்துகளில் வகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே உயிரே இல்லை. வ்ரால் என்றே படிக்க வேண்டும். முதலுயிர் குறுகித் தேய்ந்து, அகரமோ இகரமோ என்று அயலார் செவிக்குத் துணியவொண்ணாத நிலையில் அக்காலப் பேச்சு இருந்ததை இது காட்டும் எனக் கருத இடமுண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மீனவர் நாவிலிருந்து செருமானியர் செவிக்கும், அவர் கையெழுத்திலிருந்து பெர்லின் அச்சுக்கும், அங்கிருந்து பிரெஞ்சு நூலுக்கும் சென்ற சொல் இது. மும்முறை பெயர்த்தெழுதப்பட்ட ஏட்டுப் பாடத்தை எவ்வளவு நம்புவோமோ அவ்வளவே இதனையும் நம்பலாம். குரவை என்பதன் முதலுகரம் அகரமாய் நிற்பது எவர் பிழை என்பதை ஜானின் கையெழுத்தைக் கண்டாலன்றித் தெளிய இயலாது.

பனையேறி மீனைப் பற்றிய வழக்கு மிகவும் புகழ்பெற்றது. தரங்கம்பாடியில் இருந்த தானியப் படைத்தலைவர் தால்டோர்பு, 1791 நவம்பரில் குளத்தருகே நின்ற பனைமரத்தின் பட்டை வெடிப்பில் ஒரு மீனைக் கண்டு பிடித்ததாக எழுதினார். 1797-இல் இலண்டன் லின்னேயன் கழகம் அதனை வெளியிட்டது. ஏறுமீன் என்னும் பொருளில் அவர் இட்ட இலத்தீன் பெயரும் புகழ்பெற்றது. அம்மீனுக்குத் தமிழில் பனையேறி என்பதே பெயர் என்று ஜான் எழுதியது இதற்கு வலுவூட்டிற்று. பின்வந்தோர் பலர் ஐயுற்றனர். பறவை கவ்விச் சென்று மரத்தில் நழுவவிட்ட மீனாகலாம் என்பது ஒரு சாரார் கருத்து. செவுள்மூடியின் முட்களை ஊன்றி அம்மீன் ஈரநிலத்தில் ஊர்ந்து செல்வதும், தலையிலுள்ள தனியுறுப்பினாற் காற்றை உட்கொள்வதும் ஐயத்துக்கு இடமற்றவை. பனையுச்சி ஏறுவது மட்டும் எவராலும் நிலைநாட்டப்படவில்லை. நமக்கு வேண்டுவது வேறு. பனையேறி என்பது மரமேறும் தொழிலாளரைக் குறிக்கும் சொல். ஊர்ந்து கரையேறும் மீனை அவரோடு உவமித்து அப்பெயர் இட்டனரா, ஏறக் கண்டே இட்டனரா என்பதே வினா. உவமையாகு பெயரை நேர்ச்சான்றாகக் கொண்ட தடுமாற்றம் இவ்வழக்கில் உண்டு என்பது எம் கருத்து.

பாம்பியலில் ஜானுக்குப் பங்கு சிறிதன்று. சோழமண்டலக் கரைப் பாம்புகளை 1796-இல் நூலாக்கிய பாட்ரிக்கு ரசல் என்னும் மருத்துவர்க்கு இவர் உதவினார். மண்ணுளிப் பாம்புக்கு 1801-இல் ரசல் இட்ட பெயரில் ஜான் வாழ்கிறார். வாலும் தலைபோல் மழுங்கியிருப்பதால் இருதலைமணியன் எனத் தமிழர் வழங்குவது அப்பாம்பே. நீலகிரிக் கருமந்தியும் 1829 முதல் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றாகப் பகுத்த பகுப்பில் கருமந்தி எதன்பாற்படும் என்பதில் அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. அதனை இங்கே தொடங்கின் கட்டுரை எல்லை கடக்கும்.

நம் நிகண்டுகளில் விலங்கின்பெயர்த் தொகுதி, மரப்பெயர்த் தொகுதி என்னும் பகுதிகள் திவாகரம் முதலாகவே உண்டு. குறிஞ்சிப்பாட்டு பூக்களையும், பள்ளு நூல்கள் நெல்லையும் மாட்டையும் மீனையும், குறவஞ்சி பறவைகளையும் நிரல்பட அடுக்கின. எனவே பெயர்த்தொகுப்பு தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் நிகண்டு பெயரோடு பெயரைப் பிணைக்கும், பொருளைக் காட்டாது. பள்ளு அடுக்கும் மீனுள் பாதிக்கு இன்று உரை எழுதுவார் மீன்வகை என்றெழுதி அமைவர். பிளாக்கின் மீன்களோ பல பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் குப்பிகளில் உள்ளன. பெயரும் பொருளும் ஒருங்கே பதிவான இடம் அது.

செடிகளுக்கு இத்தகைய சான்று விட்டுச்சென்றவர் யொகான் பீட்டர் ராட்லர். சுத்ராசுபர்க்கிற் பிறந்து 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1799–1800-இல் அங்கிருந்து சென்னைக்குச் சென்று மீண்ட வழியிற் கண்ட செடிகளை நாள்வழிக் குறிப்பாக எழுதினார். 1803-இல் வில்டெனோவின் குறிப்புரையோடு பெர்லினில் அது அச்சாயிற்று. பின்னர் வேப்பேரிக்கு மாறி 1836-இல் இறக்கும்வரை அங்கே பணிபுரிந்தார். அவர் உலர்த்திவைத்த செடித்தொகுதி இலண்டன் கிங்சு கல்லூரி வழியாகக் கியூ தோட்டத்தை அடைந்தது. கபிலப்பொடி தரும் மரத்துக்கு ராக்சுபரோ இவர் பெயரையே இட்டிருந்தார். இன்று அப்பெயர் வழக்கில் இல்லை.

இதே ராட்லரே தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர். அதன் முதற்பகுதி 1834-இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது; அவர் மறைந்தபின் வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் 1841-இல் நிறைவு செய்தனர். வின்சுலோ அகராதியும் (1862) சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) இவ்வுழைப்பின்மேல் எழுந்தவை. அகராதிக்காரர் ராட்லரை நாமும், செடியியலார் ராட்லரைத் தாவரவியலாரும் தனித்தனியே பங்கிட்டுக்கொண்டோம். ஒரு கையில் செடியும் மறுகையில் சொல்லும் ஏந்திய ஒருவரை இரு கூறாக்கியதால், பேரகராதியிற் காணும் மரப்பெயர்களுக்கு எவ்வளவு சான்று அவ்வுலர்செடித் தாள்களில் உண்டென்பது சொல்லாய்வார் பார்வைக்கு வாராது போயிற்று.

இப்பதிவுகளை எல்லாம் வாய்விட்டுச் சொன்னவர் யாவர்? ஜானின் பெயர் மீனிலும் பாம்பிலும் குரங்கிலும் உண்டு. கோனிக்கு கறிவேப்பிலையில் உளர். கறுத்த கத்தாளை என்று சொன்ன பரதவரும், புற்றிற் பானை பொருத்தியவரும் எந்தப் பெயரிலும் இலர். ஆப்பிரிக்காவில் ரெப்மான் தொகுத்த கினியாசா மொழி அகராதி 1877-இல் அச்சாயிற்று. அச்சொற்களைச் சொன்னவர் அடிமையாக விற்கப்பட்டு மொம்பாசாவிற் கிடந்த சலிமினி என்பதை நாம் அறிவோம். லிவிங்ஸ்டனைச் சிங்கத்தினின்று காக்க முனைந்து தாமும் கடியுண்ட மெபால்வேயின் பெயரையும் லிவிங்ஸ்டனே எழுதினார். வேங்கடாசல முதலியார் கற்றவர். ஆதலின் அவர் பெயர் அகராதியின் முகப்பேறியது. வலை வீசியவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆலே நகரத்து ஆவணக்காப்பில் உள்ள நாட்குறிப்புகளைத் தமிழறிந்தார் ஒருவர் இந்நோக்கோடு படித்தால், உபதேசியார், பள்ளியாசிரியர், படகோட்டி என எவரேனும் பெயரோடு வெளிப்படலாம்.

இன்னொரு வழி இங்கேயே உளது. சென்னைக்கு மேற்கே வெள்ளானூர், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எனப் பரந்த நிலம் ஏரிப்பாசன நாடு. நகரம் விரிந்து வயல் மனையாகிய இக்காலத்தும், நீர் எஞ்சிய ஏரிகளில் மீன் பிடிப்போர் உளர். பிளாக்கின் படங்களை அவர்முன் விரித்து, எதனை எவ்வாறு அழைப்பர், குரவையின் முதலெழுத்தை எவ்வாறு ஒலிப்பர், பனையேறி என்பதற்கு என்ன காரணம் கூறுவர் என்று கேட்டெழுதுதல் முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டிற் செய்துமுடிக்கும் வேலை. ஏரிகள் சுருங்குந்தோறும் அச்சொற்களும் சுருங்குகின்றன ஆதலின், இதனை ஆலே ஆவணங்களுக்கு முன்னரே செய்யவேண்டும்.

செடிகளின் பொருட்டு இதற்கு வழிகாட்டியவர் திருச்சிராப்பள்ளி இராபினாட் உலர்செடியகத்தை நடத்திய இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ. 2004-இல் மறைந்த அவர், ராட்லரின் 1799–1800 பயணக் குறிப்பை ஆங்கிலத்திற் பெயர்த்து, நிலப்படமும் விளக்கமும் சேர்த்து 1993-இல் லின்னேயன் கழகத் தாவரவியல் இதழில் வெளியிட்டார். தமிழ்ச் சொல்லாய்வார் தொடங்கவேண்டிய இடம் அக்கட்டுரையே. அதன் ஊர்ப்பெயர் அட்டவணையை ஒருபுறமும் ராட்லர் அகராதியின் மரப்பெயர்களை மறுபுறமும் வைத்துக்கொண்டு, கியூ தோட்டத்துத் தாள்களைப் படிக்கப் புகுவதே முறை.